நாலுக்கு அப்புறம் ஆறா? ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு லெவலைத் தாண்டுவதற்கு முன்

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்த வீடுகளில் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். கோச் ஓரமாகக் கூப்பிட்டு, "பாப்பா நல்லா பண்றா. அஞ்சை விட்டுட்டு நேரா ஆறுல இறக்கிடலாமா?" என்பார். வீட்டில் ஒருவருக்குத் தலைகால் புரியாது, இன்னொருவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கள் வீட்டில் தலைகால் புரியாமல் போனது என் அக்காவுக்கு. புளி கரைந்தது அவள் வீட்டுக்காரருக்கு. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். "அவளுக்கு ஒம்போது வயசுதான் ஆவுது" என்பதையே நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வடசென்னைக் காலடிப்பேட்டையிலிருந்து பெரம்பூர் பக்கத்து அகாடமிக்குப் பிள்ளையை பைக்கில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவன் நான். பள்ளிக்கூட நாட்களில் கொஞ்ச காலம் பாரில் தொங்கியவன் என்ற தகுதியும் இருக்கிறது. எனவே பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் இல்லை, நாலு. வரிசைப்படி ஐந்துக்குப் போய் ஒரு முழு சீசன் ஆடுவது. ஐந்தைத் தாண்டி ஆறில் இறங்குவது. நாலிலேயே இன்னொரு வருஷம் இருப்பது. நாலாவது, ஐந்தில் பெயர் கொடுத்து ஒன்றிரண்டு போட்டி மட்டும் ஆடிக்கொண்டு, பயிற்சியை ஆறுக்குச் செய்வது. கோச்சும் பெற்றோரும் பேசும்போது முதல் இரண்டுதான் காதில் விழுகிறது. கடைசி வழியைப் பெரும்பாலும் யாரும் வாயைத் திறந்து கேட்பதே இல்லை.

முதலில் இந்த லெவல் சமாச்சாரத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நாம் கேள்விப்படும் லெவல் ஏணி அமெரிக்காவில் இருப்பது. அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பத்து படி. ஐந்து வரைக்கும் எல்லோருக்கும் ஒரே ரொட்டீன், அதாவது போட்டியில் செய்து காட்டும் அசைவுகளின் வரிசை. கையை எங்கே நீட்டுவது என்பது உட்பட எழுதி வைத்திருப்பார்கள். ஆறிலிருந்து சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவரவர் ரொட்டீனை அவரவர் கட்டிக்கொள்ளலாம். நம் ஊர் தனியார் அகாடமிகள் சில இதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டி வைத்திருக்கின்றன. எங்கள் பிள்ளை போகிற இடமும் அப்படித்தான். ஆனால் நம் நாட்டில் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடப்பது வயதுக் கணக்கில்: 14 வயதுக்குள், 17 வயதுக்குள், 19 வயதுக்குள் என்று. அங்கே போய் "என் பொண்ணு லெவல் ஆறு" என்று சொன்னால் யாரும் நாற்காலி எடுத்துப் போடமாட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீடு, சான்றிதழ் என்று பின்னால் வரும் விஷயங்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள்தான் கணக்கு, அகாடமிகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் லெவல் மெடல் அல்ல. இதைச் சொன்னதும் அக்காவின் வேகம் பாதி குறைந்தது. ஒரு லெவலைத் தாண்டுவதால் ஒரு வருஷம் மிச்சமாகும் என்று நினைத்திருந்தாள். மிச்சப்படுத்திய அந்த வருஷத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் வேண்டுமே?

அப்படியென்றால் லெவலுக்கு என்னதான் மதிப்பு? போட்டி நாளில் நாலு பேர் முன்னால் எதைச் செய்து காட்டப் போகிறாள் என்பதற்கான எல்லை அது, அவ்வளவுதான். பயிற்சிக் கூடத்துக்குள் அந்த எல்லை கிடையாது. ஐந்தில் ஆடுகிற பிள்ளைக்கு ஆறின் ஸ்கில் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நாலாவது வழிக்கு இடம் இருப்பது இங்கேதான்.

சரி, ஆறில் இறங்கத் தகுதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெற்றோர் பார்ப்பது ஃப்ளோரை, அதாவது தரையில் செய்யும் ஆட்டத்தை. ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அதைத்தான். ரவுண்ட் ஆஃப், ஃப்ளிக் என்று கை ஊன்றிச் சுழல்வது, அப்புறம் ஒரு பல்டி. பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். எங்கள் பிள்ளைக்கும் ஃப்ளோர் நன்றாக வரும், ஓடிவந்து எகிறித் தாண்டும் வால்ட்டும் சுமார். ஆனால் பெண் பிள்ளைகளுக்குச் சாதனம் நாலு, அதில் கழுத்தைப் பிடிப்பது அன்ஈவன் பார், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இருக்கும் இரண்டு கம்பி. லெவலைத் தாண்டலாமா என்பதை பிள்ளையின் பலமான சாதனத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். அவளுடைய பலவீனமான சாதனத்தைப் பார்க்க வேண்டும்.

பாரில் கிப் என்று ஒன்று உண்டு. தாழ்ந்த பாரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி, கால் இரண்டையும் தரையில் படாமல் முன்னால் நீட்டி வழுக்கிப் போக வேண்டும். உடம்பு முழுக்க நீண்டதும் சட்டென்று இரண்டு பாதத்தையும் பாருக்குக் கொண்டுவந்து, முழங்கால் மடங்காமல், பாரைக் கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் உரசிக்கொண்டே இழுத்து, மேலே ஏறிக் கையை ஊன்றி நிற்க வேண்டும். கோச் கத்துவார்: "பேண்ட் மாட்டுற மாதிரி இழு, பேண்ட் மாட்டுற மாதிரி!" ஒரு நொடி தாமதமானாலும் பிள்ளை பாருக்குக் கீழே துணி மாதிரி தொங்கும். இது வருவதற்குச் சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். உள்ளங்கைத் தோல் உரியும், கை வழுக்காமல் இருக்க மெக்னீசியம் பவுடர் போட்டுக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். எங்கள் பிள்ளைக்குப் பத்து முறை முயன்றால் ஏழு முறை வருகிறது. நாலாவது லெவல் ரொட்டீனில் ஒரு கிப்தான் இருந்தது, ஒப்பேற்றிவிட்டாள். எங்கள் அகாடமியின் ஆறாம் லெவலில் அவள் மூன்று கிப் போட வேண்டும், அதில் ஒன்று இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல் பாரில்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிப் பத்தில் ஏழு முறை வந்தால், மூன்றும் ஒரே ரொட்டீனில் சுத்தமாக வருவதற்கான வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7. அதாவது மூன்றில் ஒரு தடவைதான். இதுவும் பழகிய கூடத்தில், பழகிய பாரில். போட்டி நாளில் கை வியர்க்கும், பார் புதுசாக இருக்கும். ஐந்தாம் லெவலில் இரண்டு கிப்தான், அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்தில் ஒன்பது வரும் அளவுக்குப் பழகிவிட்டால் ஆறின் ரொட்டீனும் நாலில் மூன்று தடவை முழுசாக வந்துவிடும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. "அதான் வருதே" என்போம்.

மார்க் போடும் முறையும் இதே பக்கம்தான் சாய்கிறது. சர்வதேச விதியில் 2006 முதல் கடினத்துக்குத் தனி மார்க், சுத்தத்துக்குத் தனி மார்க். கடினத்தில் மிக எளிய ஏ வகை ஸ்கில்லுக்கு 0.1, அடுத்த பி வகைக்கு 0.2 என்று ஏறும். சுத்தத்தில் சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5 கழிப்பார்கள். கீழே விழுந்தால் முழுசாக 1.0 போய்விடும். ஒரு ஏ ஸ்கில்லை பி ஆக்கிச் சம்பாதிப்பது 0.1, அதைச் செய்யப்போய் விழுந்தால் பறிபோவது அதைப்போல் பத்து மடங்கு. பிள்ளைகள் போட்டியில் கழிப்பு அளவு அந்தந்த இடத்துக்கு மாறும், ஆனாலும் எங்கே போனாலும் விழுவதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். ஐந்தாம் லெவல் சலிப்பாக இருக்கும் என்று சொல்கிறவர்கள், முழங்காலை நேராக வைப்பதும் பாதத்தை நீட்டுவதும் அந்தச் சலிப்பில்தான் உடம்பில் ஏறுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்து பயம். இதைப் பற்றி அகாடமிகளில் குறைவாகவே பேசுகிறார்கள். பீம் என்ற ஒல்லிக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரம் 1.25 மீட்டர். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய அவள் தலை அளவு உயரம். எங்கள் அகாடமியின் ஆறில் அதன் மேல் பின்பக்கமாக ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். பின்பக்கம் போகும்போது எங்கே இறங்குகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. நேற்று வரைக்கும் செய்த பிள்ளை இன்று பீமில் நிற்கும், கையைத் தூக்கும், எண்ணும், கையைக் கீழே போடும். மறுபடி தூக்கும். அப்புறம் தண்ணீர் தாகம் எடுக்கும். அப்புறம் மெக்னீசியம் தடவப் போகும். ஒரு பிள்ளை பயிற்சி நேரத்தில் மெக்னீசியம் டப்பாவுக்கு நடையாய் நடக்கிறதென்றால் கைக்காக மட்டும் இருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் அந்தரத்தில் தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிடிபடாமல் போட்டிகளிலிருந்து விலகியது 2021இல் நாம் எல்லோரும் பார்த்ததுதான். உலகத்திலேயே மிகச் சிறந்தவருக்கே நடக்கும் ஒரு விஷயம், நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால் "சோம்பேறி" என்று திட்டுகிறோம்.

மனசில் இந்த அடைப்பு வந்துவிட்டால் அதட்டலாலோ பிரியாணி வாங்கித் தருவதாலோ போகாது. பழைய படிக்கு இறங்கி வந்து, தரையில் கோடு போட்டு அதன் மேல் செய்து, அப்புறம் தாழ்ந்த பீம், அப்புறம் பாய் அடுக்கிய உயர் பீம் என்று மறுபடி கட்ட வேண்டும். லெவலைத் தாண்டிய பிள்ளைக்கு இறங்கி வருவது இரட்டைக் கஷ்டம். ஏனென்றால் எல்லோரிடமும் "அவ நேரா ஆறுக்குப் போயிட்டா" என்று நாம் தம்பட்டம் அடித்து முடித்திருப்போம்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு எதிர்வாதம் தயாராக இருந்தது. வடசென்னையில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வாதம்தான்: சின்ன வயசிலேயே பெரியவங்களோட மோதினாத்தான் தேறும். கேரம் போர்டைக் காட்டுவார்கள். வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனதையும், நம்ம பக்கத்து காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தெருமுனை கிளப்பில் பத்து வயசுப் பையன் நாற்பது வயசுக்காரரோடு உட்கார்ந்து ஆடலாம், ஆட வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேரமில் தோற்றால் போவது ஒரு ஆட்டம். கைவிரல் சுண்டுகிற தூரத்துக்கு மேல் உடம்பு எங்கேயும் போவதில்லை. உடம்பே பறக்கிற ஆட்டத்தில் இந்த வாதம் அப்படியே பொருந்தாது. குத்துச்சண்டையிலேயே பாருங்கள், இவ்வளவு வீரம் பேசுகிற ஆட்டத்தில் வயதும் எடையும் பார்க்காமல் யாரையும் ரிங்கில் ஏற்றுவதில்லை.

தாண்டுவதற்குச் சாதகமாகச் சொல்லப்படும் வாதங்களில் எனக்கு மதிப்புள்ளதாகப் பட்டது ஒன்றுதான். பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரம் போடுவது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி. அப்போது கால் நீளும், இடுப்பு மாறும், எடை கூடும். தானாக வந்துகொண்டிருந்த ஸ்கில் வராமல் போகும். அதற்கு முன்னால், உடம்பு லேசாகவும் பயம் குறைவாகவும் இருக்கும்போதே கடினமானவற்றைக் கற்றுவிட வேண்டும் என்பார் கோச். சரியான பேச்சு. ஒன்பது, பத்து வயது என்பது கற்றுக்கொள்ளப் பொன்னான நேரம்தான். ஆனால் அதற்குத் தேவை கற்பது. ஆறாம் லெவல் நம்பரை முதுகில் குத்திக்கொண்டு போட்டியில் நிற்பது இல்லை. பஞ்சுக்குழியில், பாய் மேல், கோச் கை கொடுக்க, அவசரமில்லாமல் கற்கலாம். போட்டி இருக்கிறது என்றால் தேதி இருக்கும். தேதி இருந்தால் கை கொடுப்பதைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

இதே வளர்ச்சிதான் மறுபக்கமும் பேசுகிறது. பிள்ளைகளின் எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகியிருக்காது. ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலாகவும் வேலை செய்வதால் மணிக்கட்டில் வலி வரும். குதித்து இறங்கி இறங்கிக் குதிகாலில் வரும். முதுகை வளைத்து வளைத்து இடுப்புக்கு மேலே வரும். பயிற்சியை ஒரேயடியாகக் கூட்டும்போது இவை அதிகமாகத் தலைகாட்டும். லெவலைத் தாண்டுவது என்றால் பயிற்சியை ஒரேயடியாகக் கூட்டுவது என்றுதான் நடைமுறையில் அர்த்தம். ஓய்வு கொடுத்தும் போகாத மணிக்கட்டு வலி என்றால் தைலம் தேய்த்துக் காலத்தை ஓட்டாதீர்கள். நம்ம பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பேர்போன தனித்துறை இருக்கிறது, போய்க் காட்டிவிட வேண்டும்.

பயிற்சி நேரத்துக்குச் சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக ஒரு வரம்பு சொல்வார்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். பெரிய கனவோடு ஆடுகிற ஜிம்னாஸ்ட்கள் இதைத் தாண்டத்தான் செய்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அளந்து பார்க்க ஒரு கோடு வேண்டும். எங்கள் அகாடமியில் ஐந்தாம் லெவல் பேட்ச் வாரத்துக்கு நாலு நாள், இரண்டு இரண்டு மணி நேரம். எட்டு. ஆறாம் லெவல் பேட்ச் ஐந்து நாள், மூன்று மூன்று மணி நேரம். பதினைந்து. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பதினைந்துக்கு ஒரே தாவு. கோச்சிடம் இதைக் காட்டியபோது அவர் வாக்குவாதம் செய்யவில்லை. "ஆமா, அது ஜாஸ்திதான்" என்றார். அவருடைய கவலை வேறு. அவருக்கு ஆறாம் லெவலில் டீம் போட ஒரு பிள்ளை குறைகிறது. நல்ல மனிதர், கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். கோச் சொல்கிறார் என்றால் எதற்காகச் சொல்கிறார் என்று மரியாதையாகவே கேட்டுவிடுவது நல்லது. பதில் பிள்ளையைப் பற்றி இருக்கிறதா, பேட்ச்சைப் பற்றி இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே வேறு இரண்டு கேள்வியும் கேட்கலாம். புதுசாகக் கற்கும் ஸ்கில்லில் விழுந்தால் எதன் மேல் விழுவாள், பஞ்சுக்குழியா, தடித்த பாயா, வெறும் மெல்லிய பாயா? ஒரு கோச்சுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளை? இருபது பிள்ளைக்கு ஒருவர் என்றால், அங்கே எந்த லெவலையும் தாண்ட வேண்டாம்.

பள்ளிக்கூடம், போக்குவரத்து, காசு. இதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு என்பதால் நீட்டவில்லை. ஆறாம் லெவல் பேட்ச் முடிய இரவு எட்டு மணி. கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கும் சாலையில், பின்னால் தூங்கி வழியும் பிள்ளையைச் சேலையாலோ துண்டாலோ கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது எனக்கு ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வழியில் இருக்கும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அன்றைய பயிற்சி அதோடு சரி, அந்த நேரம் பார்த்துத்தான் அரையாண்டுத் தேர்வும் வரும். சொந்த ரொட்டீன் என்றால் அதற்குத் தனி இசை, தனி வகுப்பு என்று செலவும் கூடும்.

நாலிலேயே இன்னொரு வருஷம் என்ற வழிக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள் இதைக் கேட்டதும் "என்ன, பெயிலா?" என்பார்கள். அடிபட்டுத் திரும்பி வரும் பிள்ளைக்கும், திடீரென்று உயரம் போட்டுத் தடுமாறும் பிள்ளைக்கும், மேலே சொன்ன பயத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். ஆனால் வேறு ஒரு காரணத்துக்காகவும் இதைச் செய்கிறார்கள்: மெடல் அறுவடை. எல்லாம் தெரிந்த பிள்ளையைக் கீழ் லெவலிலேயே வைத்திருந்து தங்கமாக அள்ளுவது. அகாடமி சுவருக்கு போட்டோ கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் பிள்ளைக்கு இந்த வழி தேவைப்படவில்லை. நாலில் அவள் கற்க வேண்டியது முடிந்துவிட்டது, பாரைத் தவிர.

பிள்ளையிடம் கேட்டீர்களா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், கேட்டோம். அப்பா அம்மா இருவரும் இல்லாத நேரத்தில், பைக்கில் வரும்போது கேட்டேன். இந்த வயதில் பிள்ளைகள் யார் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் என்பதால் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஆறுல யாரெல்லாம் இருக்காங்க?" "பெரிய அக்காங்க மாமா. அவங்க பேசறதே புரியாது." "அஞ்சுல?" தன் கூட்டாளிகள் பெயரை வரிசையாகச் சொன்னாள். "அப்ப ஆறு வேணாமா?" "வேணும். ஆனா மேல் பார்ல கிப் வந்ததுக்கு அப்புறம்." நாங்கள் இவ்வளவு நேரம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அவள் முன்னாடியே தெரிந்துவைத்திருந்தாள்.

அவசரம் என்ற ஒன்றே இந்த ஆட்டத்தில் பழைய காலத்து மிச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழுப் பத்து வாங்கியபோது ருமேனியாவின் நாடியா கோமனேச்சிக்கு வயது 14. பதினாறுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணம் அப்போதிருந்து நம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இன்றைய விதிப்படி 14 வயதில் அவர் ஒலிம்பிக்கில் இறங்கியிருக்கவே முடியாது. 1997 முதல் பெண்கள் சீனியர் போட்டியில் ஆட அந்த ஆண்டுக்குள் 16 வயது ஆக வேண்டும். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா டோக்கியோவில் ஆடும்போது அவருக்கு 46. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் தீபா கர்மாகரைப் பாருங்கள். அகர்தலாவில் ஆறு வயதில் தொடங்கிய பிள்ளை, தட்டைப் பாதம் வேறு, இந்த ஆட்டத்துக்கே ஆகாது என்று சொல்லக்கூடிய பாதம். ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிப் போட்டியில் 0.15 மார்க்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தபோது அவருக்கு 23. ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியது 2024இல், 30 வயதில். ஒன்பது வயதில் ஒரு லெவலைத் தாண்டியதால் கிடைத்த ஒரு வருஷம் இந்த நீளத்தில் எங்கே போய் ஒட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, நாலையும் எடைபோட்டதில் எங்கள் பிள்ளைக்கு நான் சொன்னது நாலாவது வழி. ஐந்தில் பெயர் கொடுப்பது. இந்த சீசனில் இரண்டு போட்டி, அதுவும் பாருக்காக. பேட்ச் ஐந்தாம் லெவல் பேட்ச்தான், வாரத்துக்கு எட்டு மணி நேரம். அதில் கடைசி அரை மணி நேரம் ஆறின் ஸ்கில், கோச் கை கொடுத்து. அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் கழிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவது. அப்போது தாழ்ந்த பாரில் கிப் பத்தில் ஒன்பது வரவேண்டும், அதுவும் ஒரு நல்ல நாளில் மட்டும் என்றில்லாமல் தொடர்ந்து சில வாரம். பீமில் பின்பக்கம் போவதைக் கோச் தொடாமல் செய்ய வேண்டும். ஆறாம் லெவல் பேட்ச்சில் அவளுக்கு மட்டும் மூன்று நாள் என்று குறைத்துக்கொள்ளக் கோச் சம்மதிக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் சீசன் நடுவிலேயே ஆறுக்கு மாறிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. முழு சீசனும் ஐந்தில் இருப்பதற்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம், கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் இதற்குத் தலையாட்டினார். அக்கா, "அப்ப தாண்டலன்னு அர்த்தமா, தாண்டுறான்னு அர்த்தமா?" என்றாள். பாதி பாதி என்றேன்.

இதை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கள் தெருவுக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அங்கே கம்பத்தில் ஏறி வித்தை செய்யும் மல்லர் கம்பம் பழகியவள், பிடி இரும்பு மாதிரி. பாரைப் பிடித்த சில வாரத்திலேயே கிப் வந்துவிட்டது, தலைகீழாக நிற்பது அவளுக்கு நடப்பது போலத்தான். அகாடமி நடைமுறைப்படி அவளை மூன்றில் போட்டார்கள். எட்டு வயசுப் பிள்ளைகள் வரிசையில் ஒரு தலை உயரமாக நின்றுகொண்டு, கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிப் போட்டியில் 14 வயதுக்குள் என்ற பிரிவில் அவளுக்கு இருப்பது கொஞ்ச காலம்தான். அவளுக்கு ஒவ்வொரு படியாக ஏறச் சொல்வது அவள் நேரத்தை வீணடிப்பது. அவள் அப்பா வந்து கேட்டபோது, ஒன்றல்ல, இரண்டு லெவலைத் தாண்டச் சொல்லி நேராக ஆறுக்கே கேளுங்கள் என்றுதான் சொன்னேன். அவளுடைய பலவீனம் வால்ட். மல்லர் கம்பத்தில் ஓடிவந்து ஸ்பிரிங் போர்டில் எகிறும் வேலை கிடையாது, அதனால் ஓட்டத்தில் காலடி கணக்குத் தப்பி போர்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறாள். அதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கோச் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு டீமில் குறைந்த அந்த ஒரு ஆளும் கிடைத்தாயிற்று.